கிணற்றில் மூன்றிலொரு பங்கு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, இலங்கையின் வடக்கில் படையினர் பிடித்து வைத்திருந்த எங்கள் ஊர்க் காணிகளை விடுவிப்பதற்காக ஒரு படிவம் தந்தார்கள். அதில் 'கிணறு' என்ற வரியில் என் அப்பா 'இல்லை' என்று எழுதினார்.

2. அடுத்த காணிக்காரர் கனடாவிலிருந்து அனுப்பிய படிவத்திலும் அதே வரியில் 'இல்லை' என்று இருந்தது.

3. மூன்றாவது காணிக்காரர் பவளம். பதினேழு வயதில் தாய் தகப்பனோடு படகேறி இந்தியாவுக்குப் போனவர். அவர் படிவமே நிரப்பவில்லை.

4. ஆகவே மூன்று காணிகளும் சந்திக்கும் மூலையில் இருந்த கிணறும், அதற்குப் போகும் ஒழுங்கை என்ற சிறு பாதையும், பவளத்தின் காணியும் 'உரிமை கோரப்படாதவை' என்று கோப்பில் ஏறின.

5. அந்த இடத்தில் படையினர் ஒரு கடற்கரை விடுதி கட்டினார்கள். வாசலில் மூன்று மொழிகளில் ஒரு பலகை. இங்கே நீங்கள் செலவிடும் பணம் காயமுற்ற வீரர்களின் நலனுக்குப் போகிறது என்று சொல்கிறது.

6. பங்குக் கிணறு என்றால் பங்காளர் மூவரும் சேர்ந்து கையெழுத்திட்டுக் கோர வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்கள். எங்களிடம் இரண்டு கையெழுத்து இருந்தது.

7. மூன்றாவதைத் தேடி நான் இராமேஸ்வரத்தில் வந்து இறங்கினேன்.

அப்பா பொய் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் பங்குக் கிணற்றை ஒருவரும் 'என்ர கிணறு' என்று சொல்வதில்லை. சொன்னால் மற்ற இரண்டு வீடும் அன்று பின்னேரமே வேலியில் வந்து நிற்கும். காணி உறுதிப் பத்திரத்தில் 'கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்காலும்' என்று இருக்கும். பேச்சில் அது வெறும் 'அந்தக் கிணறு'. முழுக் கிணற்றையும் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்ற பேர் வரக்கூடாது என்று அப்பா 'இல்லை' எழுதினார். மற்றவர் எழுதுவார் என்று நினைத்தார். கனடாக்காரரும் அதே மரியாதையில் அதையே நினைத்து அதையே எழுதினார். இரண்டு மரியாதைகளுக்கு நடுவில் கிணறு போய்விட்டது.

நான் நில அளவை படித்தவள். ஒரு தனியார் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். கோபம் வந்தால் பட்டியல் போடுவேன். எங்கள் பிரதேசத்தில் படையினர் நடத்துபவை: கடற்கரை விடுதி, மரக்கறிக் கடை, தேநீர்க் கடை, சலூன், கல்யாண மண்டபம், படகுச் சவாரி. எல்லாமே வீரர் நலனுக்காக. இதைக் கேள்வி கேட்டால் உடனே ஒருவர் கேட்பார், 'அப்ப கால் போனவனுக்கு ஒண்டும் வேண்டாமோ?' என்று. வேண்டும். நல்ல செயற்கைக் கால் வேண்டும், வாழ்நாள் முழுக்க மருத்துவம் வேண்டும், வீடு வேண்டும். அரசாங்கம் அதை வரியிலிருந்து கொடுக்கட்டும். எங்கள் கிணற்றிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

புறப்படும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார். "அவளிட்டக் கெஞ்சாத. அவளின்ர பங்கு அவளுக்கு."

*

முதல் நாள் இராமேஸ்வரம். அம்மா தீர்த்தம் கேட்டிருந்ததால் கோயிலுக்குப் போனேன். இருபத்திரண்டு கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், இலக்கம், அம்புக்குறி. ஈரம் சொட்டச் சொட்ட வட இந்தியக் குடும்பங்கள் வரிசை தவறாமல் ஓடிக்கொண்டிருந்தன. என் தொழிலுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. இத்தனை ஒழுங்காகப் பதிவான கிணறுகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிணற்று மதிலின் மேல் நின்று வாளியால் அள்ளி ஊற்றிய ஒருவரிடம், இந்தக் கிணறுகள் யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன்.

"சாமிக்குத்தான் தங்கச்சி. வேற யாருக்கு?" என்றார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "ஆனா வாளி எங்களோடது" என்றார்.

மத்தியானம் பாலத்தைக் கடந்து மண்டபம் போனேன். பவளத்தைப் பற்றி எங்களிடம் இருந்த கடைசித் தகவல், அவர் அங்கே அகதி முகாமில் இருந்தார் என்பதுதான். முகாம் வாசலில் இருந்த போலீஸ்காரர் என் கடவுச்சீட்டைப் பார்த்ததும் மரியாதையாகப் பேசத் தொடங்கினார். மரியாதை கூடக் கூடச் சந்தேகமும் கூடியது.

"உள்ள விட முடியாதும்மா. பெர்மிஷன் லெட்டர் இருக்கா?"

"இல்லை."

"அப்ப அந்தா அந்தக் கடையில ஒரு டீயச் சாப்புட்டுட்டுக் கெளம்புங்க."

அவர் அறியாமல் எனக்குச் சரியான வழியைத்தான் காட்டினார். தேநீர்க் கடை நடத்திய அம்மா மன்னாரிலிருந்து வந்தவர். நான் 'பிளேன்ரீ' என்று கேட்ட குரலிலேயே என்னைத் தெரிந்துகொண்டார். பாலும் சீனியும் போடாமல், கடிக்க ஒரு துண்டு பனங்கருப்பட்டியோடு தந்தார். பவளத்தின் பெயரைச் சொன்னதும் கையைத் தட்டிச் சிரித்தார்.

"பவளமோ! மிளகாய் பொறுக்கப் போன இடத்தில ஒரு பட்டாளத்தானைப் பிடிச்சுக்கொண்டு போனவளெல்லோ! சாயல்குடிப் பக்கம். தாய் தகப்பன் ரெண்டு பேரும் இஞ்சதான் செத்தவை. அதுக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் வாறேல்ல."

பட்டாளத்தான் என்ற சொல் என் காதில் நின்றது. படையினரிடமிருந்து கிணற்றை மீட்க வந்த எனக்குத் தேவையான கையெழுத்து, வேறொரு நாட்டுப் படையாளின் வீட்டில் இருந்தது.

*

இரண்டாம் நாள் சாயல்குடி போகிற பேருந்து என்று சொல்லி ஏற்றினார்கள். அது ஏர்வாடியோடு நின்றது. பேருந்து நிறைய, மனநோய் தீர வேண்டி அங்குள்ள தர்காவுக்குப் போகிறவர்கள். பக்கத்தில் இருந்த முஸ்லிம் அம்மா, தனியாகப் பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்த என்னை நெடுநேரம் பார்த்தார்.

"யாருக்கும்மா மனசு சரியில்ல? ஒனக்கா?"

"எனக்கில்லை. நான் ஒரு கையெழுத்து வாங்கப் போறன்."

அவர் ஒரு கணம் யோசித்தார். "அதுவும் கஷ்டந்தான். துஆச் செய்யிறேன்" என்றார்.

ஏர்வாடியில் எல்லோரும் இறங்கினார்கள். நடத்துனர் எனக்கும் மெதுவாகக் கதவைத் திறந்துவிட்டார். சாயல்குடி என்றேன். "அடடே, நீங்களும் தர்காவுக்குன்னு நெனச்சேன். அந்த வண்டி போயிருச்சே" என்று தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு ஷேர் ஆட்டோவில், பதினொருவரில் ஒருத்தியாக, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்துப் போனேன். வழியெல்லாம் பனை. உப்பளம். மீண்டும் பனை. எங்கள் ஊர்ப் பனைகள் வேலிக்குள் நிற்கும். இங்கே வெட்டவெளியில் கேட்பாரில்லாமல் நிற்பது போலத் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் உண்டு என்று ஆட்டோக்காரர் சொன்னார். "மரத்தத் தொட்டுப் பாருங்க, எங்கிட்டிருந்து வாரான்னு தெரியாது, வந்துருவான்."

சாயல்குடியிலிருந்து உள்ளே போகும் சாலையின் ஒரு பாதியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. குண்டு குண்டான சிவப்பு மிளகாய். வண்டிகள் மற்றப் பாதியில் போயின. ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

பவளத்தின் வீட்டை மூன்று பேரிடம் கேட்டுக் கண்டுபிடித்தேன். இந்தப் பெயரும் இனி வரும் பெயர்களும் மாற்றப்பட்டவை. கிராமத்தின் பெயரை எழுதவில்லை. மற்றவற்றை எழுதச் சொன்னவர்கள் அவர்களே.

அவர் முற்றத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒடிசலான பெண். "யாருத்தா?" என்றார், முழுக்க முழுக்க இந்த ஊர்ப் பேச்சில். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கையில் இருந்த மிளகாய் கையிலேயே இருந்தது.

"செல்வண்ணையின்ர மகளோ?" என்றார். குரலே மாறிவிட்டது. "கொப்பர் இருக்கிறாரோ?"

"இருக்கிறார் மாமி. முழங்கால்தான் ஏலாது."

"இருக்கட்டும், இருக்கட்டும். வா பிள்ளை, உள்ள வா. கண்ணில கை வைக்காத, எல்லாம் மிளகாய்."

வரைபடத்தை விரித்தேன். வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தையும் பழைய உறுதிகளையும் வைத்து நான் வரைந்தது. கிணறு, ஒழுங்கை, மூன்று காணிகளின் எல்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது. மாமி கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"ஒழுங்கை பிழை."

"உறுதியில நேராத்தான் இருக்கு மாமி."

"உறுதியில நேர். நிலத்தில வளைவு. வண்டில் திரும்பேலாமல் மாடு நிண்டு நிண்டு கத்தும். ஐயா எங்கட காணியில ரெண்டு முழம் விட்டுக் குடுத்தவர். இதில, இந்த மூலையில. எழுத்தில ஒண்டும் இல்லை. கொப்பரைக் கேட்டுப் பார்."

போனில் அப்பாவைக் கேட்டேன். ஓம், மறந்துபோனன் என்றார். வரைபடத்தைத் திருத்தினேன். மாமியின் தகப்பன் விட்டுக்கொடுத்த அந்த இரண்டு முழத்தையும் சேர்த்தால், ஒழுங்கையின் வாய் முழுவதும் மாமியின் காணியில் விழுந்தது. மூன்றாவது கையெழுத்து இல்லாமல் கிணறு கிடைத்தாலும் அதற்குப் போக வழி இருக்காது.

விடுதியின் படத்தையும் காட்டினேன். அவர் வீடு இருந்த இடத்தில் குளிரூட்டிய அறைகள். மாமி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எங்கட அடுப்படி" என்றார். "ஆரோ ஏசி போட்டுக்கொண்டு படுக்கிறான்."

*

பட்டாளத்தான் மாலை வேலையிலிருந்து வந்தார். கோட்டைச்சாமி, ஓய்வுபெற்ற ஹவில்தார். அபிராமம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து விவசாயம் பார்த்த சம்சாரிக் குடும்பம். முன்னாள் படைவீரர்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஒரு நலக் கழகத்தின் மூலம், வெயில் மட்டுமே விளையும் ஒரு சூரிய மின் பண்ணையில் காவல் பார்க்கிறார். சட்டையில் கழகத்தின் முத்திரை. மீசை தனியாக வணங்கத்தக்கது.

"சிலோன்லருந்தா? நான் அங்கன வரல ஆத்தா. எங்காளுக அங்கன வந்தப்ப நான் ட்ரெய்னிங்ல கெடந்தேன்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. இந்தப் பதிலை அவர் முன்பும் பலருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மாமி எனக்காகச் சொதி வைத்தார். நல்ல தேங்காய்ப் பால் சொதி. பக்கத்தில் இந்த ஊர்க் கருவாட்டுக் குழம்பு. கோட்டைச்சாமி மாமா சொதியை எட்டிப் பார்த்தார்.

"கல்யாணமான புதுசுல இந்த வெள்ளத் தண்ணியத்தான் ஊத்துனா. லீவுல வந்தவன், ஆஸ்பத்திரியில இருக்கேனோன்னு நெனச்சுப்புட்டேன். மொளகா வெளையிற ஊருக்கு வந்து மொளகா இல்லாத கொழம்பு வக்கிறா பாரு."

"நீ ஒண்ணும் குடிக்க வேணாம் போ" என்றார் மாமி அவரிடம். என் பக்கம் திரும்பி, "மூண்டு கோப்பை குடிப்பார், பார்" என்றார். குடித்தார்.

சாப்பிட்டு முடித்துப் படிவத்தை எடுத்தேன். மாமா வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். 'பிறந்த இடம்' என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினார். எழுந்து உள்ளே போய்க் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். உறையிட்ட தாள்கள், ஒவ்வொன்றிலும் இலக்கம். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, கேன்டீன் அட்டை, மருத்துவ அட்டை, மகளின் கல்லூரி உதவித்தொகைக் கடிதம். என்னைப் போல ஒருவரை அங்கே சந்திப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு தாளில் விரலை வைத்தார். மனைவி: பவளம். பிறந்த இடம்: இந்தக் கிராமம்.

"பட்டாளத்துல வெளிநாட்டுப் பொண்ணக் கட்டணும்னா மொதல்ல அனுமதி வாங்கணும். கேட்டுருந்தா குடுத்துருக்க மாட்டானுக. நான் கேக்கல. எங்கூர்ப் பொண்ணுன்னு எழுதிப்புட்டேன்."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு தொடர்ந்தார்.

"இப்ப இவ இந்தப் பேப்பர்ல அங்கன பொறந்தேன்னு கையெழுத்துப் போட்டா, அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு. யாராச்சும் ஒருத்தன் ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தான்னா, என் பென்ஷன் போகும். எனக்குப் பொறகு இவளுக்கு வாரது போகும். புள்ள படிப்பு போகும். வேலையும் அவுக குடுத்ததுதான். எல்லாம் ஒரே கயித்துல தொங்குதாத்தா."

நான் படிவத்தைத் திரும்ப வாங்கி மடித்தேன். கேட்டது என் தவறு என்றேன். அது முழு உண்மையல்ல. ஒரு நாட்டுப் படையின் நலத்திட்டம் என் கிணற்றை வைத்திருந்தது. இன்னொரு நாட்டுப் படையின் நலத்திட்டம் அதை மீட்கும் கையைப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் அந்தக் கையின் சோறும் அதில்தான் இருந்தது. நான் கெஞ்சவில்லை. படுக்கப் போகுமுன் அந்த விடுதி வாசல் பலகையைப் பற்றி மட்டும் கோபமாகச் சொல்லிவிட்டேன்.

*

மூன்றாம் நாள் காலை சண்டையில் விழித்தேன். என்னைப் பற்றிய சண்டைதான்.

"நல நிதின்னா எல்லாமே கொள்ளைங்குற மாதிரி பேசுது அந்தப் புள்ள" என்றது மாமாவின் குரல். "எம் மக காலேசு படிக்கிறா. எதுனால?"

நான் வெளியே வந்தேன். மாமா கூச்சப்படவில்லை. "நீயே சொல்லாத்தா. அந்தூருச் சிப்பாயும் என்னைய மாதிரி ஒரு கம்மாக்கரைக்காரந்தானே? காலுல குண்டுபட்டா அவனுக்கும் ஆரு பாப்பா?"

"பார்க்கத்தான் வேணும் மாமா. அவருக்குக் கிணறு வேணுமெண்டால் எங்களிட்டக் கேட்டு வாங்கட்டும். கேக்காமல் எடுத்துப்போட்டு அவரின்ர காலைக் காட்டக் கூடாது."

அவர் என் போனைக் கேட்டார். விடுதிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நீச்சல் குளம், அறைகள், கடற்கரைக் குடைகள். ஒரு படத்தில் நின்றுவிட்டார். சீருடை அணிந்த இளைஞன் ஒருவன் தட்டில் இளநீரோடு ஒரு சுற்றுலாக் குடும்பத்தின் முன் குனிந்திருந்தான். நான் அதை எப்போதும் எங்கள் கிணற்றுக்கட்டு பின்னால் தெரிகிற படமாகவே பார்த்திருந்தேன்.

"இவென் சர்வீஸ்ல இருக்குற சிப்பாயா?"

"ஓம். அங்க வேலை செய்யிறது எல்லாம் அவையள்தான்."

"தட்டு ஏந்துறான்." போனை மாமியிடம் நீட்டினார். "பாரு, தட்டு ஏந்துறான்."

மாமி பார்த்தார். எனக்காகச் சொன்னார். "இவரும் ரெண்டு வருசம் ஆபீசர் மெஸ்ஸில தட்டு ஏந்தினவர். லீவில வந்தால் அதை மட்டும் சொல்ல மாட்டார்."

"ஏலே, நம்ம எல்லைக்குப் போவம்னு சேந்தோம்" என்றார் மாமா, அந்தப் படத்திலிருந்த இளைஞனைப் பார்த்து. "வெல்பேருன்னு போர்டு வச்சிருக்கான். தட்டு ஏந்துறது நீயி. ரூம்ல படுக்குறது எவென்? இங்கயுந்தான். அம்பத்தாறு வயசுல வெயில்ல நிக்கிறேன். வேலைக்கு ஆள் அனுப்புறதுக்குன்னு கழகம் எடுத்துக்கிற பங்கு போக மிச்சந்தான் எனக்கு. கேட்டா, ஒங்க நலனுக்குத்தாம்பான்."

"அப்ப என்ன?" என்றார் மாமி.

"அப்பன்னா என்ன?"

மாமி மிளகாய்ச் சுளகைக் கீழே வைத்தார். கணவரிடம் பேசியதால் பேச்சு இந்த ஊருடையது. ஆனால் நடுநடுவே எங்கள் ஊர் வந்து நின்றது.

"நீ எழுதுனது ஒன் பொய்யி. சரி, என்னையக் கட்டத்தான் எழுதுன, நான் கோவிக்கல. ஆனா பொறந்த ஊரு என்னோடது. இத்தனை வருசமா நான் இந்த ஊருல பொறந்தவன்னு காகிதம் சொல்லுது. எங்கம்மாட சீதனக் கிணத்தில மூண்டிலொண்டு எனக்கிருக்கு எண்டு கடல் கடந்து ஒருத்தி வந்து சொல்லுறாள். நான் இல்லைன்னு சொல்லவா? ஏற்கெனவே ரெண்டு பேரு இல்லைன்னு எழுதித்தானே கெணறு போச்சு?"

மாமா முந்தின இரவு எடுத்த கோப்பின் தாள்களைப் புரட்டினார்.

"ஒனக்குப் பொறகு வார காசு எனக்குத்தானே வரும்?" என்றார் மாமி. "அத விடுறதா வேணாமான்னு நாந்தான் சொல்லணும். நான் கையெழுத்துப் போடப் போறேன்."

மாமா மீசையைத் தடவினார். நான் எழுந்து வெளியே போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

"போடு" என்றார் கடைசியில். "ஆனா எவனோ கண்டுபிடிச்சு என்னையக் கூப்புட வேணாம். நானே போயி எம் புக்கத் திருத்தச் சொல்லுவேன். சிப்பாய் பொய் எழுதுனான்னு அவென் சொல்றதுக்கு முந்தி நான் சொல்லிப்புடுறேன். என்ன செய்யிறானோ செய்யட்டும்."

பத்து நிமிடத்தில் தன் கைப்பட ஒரு விண்ணப்பம் எழுதினார். உயர் அதிகாரிக்கு எழுதும் முறையில், பத்திக்குப் பத்தி இலக்கம் போட்டு. நான்காம் பத்தி ஒரே வரி: 'மேற்படி தவறான தகவலை அறிந்தே கொடுத்தேன்.' அந்த வரியை அடித்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அத அடிச்சா மிச்சம் என்னத்துக்கு?" என்றார்.

*

நான்காம் நாள் இராமநாதபுரத்துக்கு நோட்டரி வக்கீலிடம் போனோம். பேருந்து வரவில்லை. மிளகாய் மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போன குட்டியானை என்கிற ஒரு சிறு சரக்கு வண்டியில் இடம் கிடைத்தது. இடம் என்றால் மூட்டைகளின் மேல். ஒவ்வொரு குழியிலும் மூட்டை ஒரு மூச்சு விட்டது. நாங்கள் மூவரும் தும்மிக்கொண்டே போனோம். மாமாவின் மீசை நனைந்து தொங்கிவிட்டது.

வக்கீல் எங்களை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணும் மூக்கும் சிவந்து கண்ணீர் வழிய ஒரு பெண். பக்கத்தில் பெரிய மீசையோடு ஒரு ஆள். கையில் காணிப் பத்திரம். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"அழுதுக்கிட்டே வர்றவங்க கையெழுத்துக்கு நான் முத்திரை வைக்கிறதில்ல" என்றார். மாமாவைக் காட்டி, "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார். பிறகு மாமியிடம் குரலைத் தாழ்த்தி, "யாராவது மிரட்டுறாங்களாம்மா? தைரியமாச் சொல்லுங்க" என்றார்.

"மொளகா மூட்டை மேல உக்காந்து வந்தேன் சார்."

"எதுக்கும் பயப்படாதீங்க."

மாமி முந்தானையை எடுத்து அவர் மேசையில் ஒரு தரம் உதறினார். வக்கீல் ஆறு தரம் தும்மினார். குமாஸ்தா மூன்று. அதன் பிறகு விசாரணை இல்லை.

குமாஸ்தா கணினியில் படிவத்தை நிரப்பினார். பெயர், கணவர் பெயர், வயது. "பொறந்த எடம்?"

மாமி ஊரின் பெயரைச் சொன்னார். குமாஸ்தாவுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னார். பிறகு எழுத்துக்கெழுத்தாக, கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே சொன்னார். வாசலில் நின்ற மாமா திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி அந்தப் பெயரை அரசாங்கக் காகிதத்துக்காகச் சொல்லி அவர் கேட்பது அதுவே முதல் தடவை.

கையெழுத்துப் போட்டதும் மாமி என்னிடம் சொன்னார். "கொப்பருக்குச் சொல்லு. தண்ணி முறை இன்னும் எனக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான். மாத்தேலாது."

அங்கிருந்து மாமா தனியாகப் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். அரை மணி நேரத்தில் திரும்பினார். அங்கே இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் விண்ணப்பத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஏன்யா, கெடக்குறது கெடக்கட்டும்னு விட மாட்டியா? கேள்வி வரும்" என்றாராம். வரட்டும் என்று முத்திரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முத்திரை குத்திய நகலை அங்கேயே உறையிலிட்டு இலக்கம் போட்டார்.

பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் மூவரும் பரோட்டா சாப்பிட்டோம். சால்னாவைத் தொட்டதும் எனக்கு மறுபடி தும்மல் வந்தது. மாமா கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் வெள்ளத் தண்ணி இருக்காப்பா?" என்று கேட்டார்.

*

இன்றைய நிலை இது. மூன்று கையெழுத்தும் கொண்ட விண்ணப்பத்தைப் பிரதேச செயலகம் பொறுப்பேற்று இலக்கமிட்டிருக்கிறது. கோப்பில் 'உரிமை கோரப்படாதது' என்ற சொற்களின் மேல் ஒரு கோடு விழுந்திருக்கிறது. கீழே மூன்று பெயர்கள். விசாரணைத் திகதி தரவில்லை. தரும்வரை திங்கட்கிழமை தோறும் நான் அங்கே போகிறேன். வரிசையில் நிற்கிறேன், கேட்கிறேன், பதிலை எழுதிக்கொள்கிறேன். விடுதி நடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அவர்களுடைய குளியலறைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கோட்டைச்சாமி மாமாவிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பதில் அனுப்பிவிட்டார். ஓய்வூதியம் இதுவரை நிற்கவில்லை. நிற்காது என்று யாரும் எழுதித் தரவுமில்லை. பவளம் மாமியின் பெயருக்கு நேரே, இரண்டு நாடுகளிலும் நாங்கள் கொடுத்திருக்கும் காகிதங்களில், பிறந்த இடமாக ஒரே ஊர்தான் எழுதப்பட்டிருக்கிறது.